பதினான்காம் பக்கம்

ஜூன் இருபத்து நான்காம் தேதி காலை ஒன்பது இருபத்தைந்துக்கு நிதாலின் கடை வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றது. நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் ஜெனரேட்டர்காரன். அமாராவில் எங்கள் தெருவுக்கு அரசு மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் பிழைப்பு. போன உடனே என் இயந்திரத்தை முடுக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் பேக்கரிக்காரனிலிருந்து மீன்காரன் வரைக்கும் என் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டுவார்கள். என்னைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான், அது நிதாலுடையது. அதனால்தான் அவளைப் பற்றி நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. புருஷன் பாஸ்ராவில் எண்ணெய்க் குழாய்களுக்கு வெல்டிங் வைக்கிறான், பதினைந்து நாளுக்கு ஒரு தரம் வருவான். ஒரே மகள், பெயர் நவ்ரஸ். அதனால் தெருவில் எல்லோரும் அவளை உம்மு நவ்ரஸ், அதாவது நவ்ரஸின் அம்மா, என்றுதான் கூப்பிடுவோம். ஆண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை, அதில் ஒரு பழைய கம்ப்யூட்டர், இரண்டு அச்சு இயந்திரம், ஒரு சாம்பல் நிறப் பூனை. அந்தக் கடையை அவள் பதினோரு வருடமாக ஒற்றை ஆளாக நடத்தி வந்தாள்.

ஜெராக்ஸ் எல்லாக் கடையிலும் எடுப்பார்கள். அவளிடம் ஆட்கள் தேடி வந்தது வேறு ஒன்றுக்காக. கைப்பேசியிலும் கம்ப்யூட்டரிலும் படிக்கும் மின்னூல்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றை அவள் பக்கம் பக்கமாகப் படமாக்கிக் கொடுப்பாள். இணையத்தில் இலவசமாக மாற்றித் தருகிற தளம் ஒன்று அவளுக்குப் பழக்கம். புத்தகத்தை அங்கே ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பக்கமும் ஒரு படமாக வந்து விழும். பழைய கைப்பேசியில் மின்னூல் திறக்காது, படம் திறக்கும். இடுப்பு உடைந்து படுத்திருக்கும் மீன்காரன் மனைவிக்கு ஒரு முழுக் கதைப் புத்தகத்தைப் படங்களாக்கிக் பென் டிரைவில் போட்டு, தொலைக்காட்சியில் செருகி, நிமிடத்துக்கு ஒரு பக்கம் ஓடும்படி வைத்துக் கொடுத்தாள். அந்த அம்மாள் படுத்தபடியே வாசித்து, வில்லனைத் திட்டுகிற சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

ஆனால் அவளுக்குப் பெரிய வேலை தேர்வுக் காலத்தில்தான். எங்கள் ஊரில் பிள்ளைகளின் தலையெழுத்தை எழுதுவது ஆறாம் வகுப்பு அமைச்சகத் தேர்வு. மேல்நிலைப் பள்ளியின் கடைசி வருடம் அது. தேர்வுக்கு முதல் நாள் ஒவ்வொரு தனிப்பயிற்சி வாத்தியாரும் "இந்தக் கேள்விகள் வரும்" என்று ஒரு சிறு தொகுப்பு வெளியிடுவார். வந்துவிட்டால் அவர் பெயர் அடுத்த வருடம் வரைக்கும் நிற்கும். எழுத்தாகக் கொடுத்தால் எதிர்வீட்டு வாத்தியார் அப்படியே நகலெடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொள்வார் என்று பயந்து, எல்லோரும் நிதாலிடம் படமாக்கச் சொல்வார்கள். அவள் படமாக்கி, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைப் பெயர், தொலைபேசி எண், தேதி, மணி ஆகிய நான்கையும் கம்ப்யூட்டரிலேயே முத்திரையாகப் பதித்துக் கொடுப்பாள். அழித்தாலும் தடயம் தெரியும்.

அந்த முத்திரைதான் அன்றைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இறங்கியவர் லெப்டினன்ட் முஹன்னத். முப்பது வயதுகூட இருக்காது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கூட ஒரு காவலர். நான் கடைக்குள் மின்கம்பி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"யாரும் வெளிய போகக்கூடாது. அந்தக் கம்ப்யூட்டர்ல யாரும் கை வைக்கக்கூடாது" என்றார் உள்ளே நுழையும்போதே.

நிதால் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "என்னங்கய்யா விஷயம்?"

அவர் தன் கைப்பேசியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு பக்கத்தின் படம். மேலே எவனோ சிவப்பில் எழுதியிருந்தான்: 'கேள்வித்தாள் கசிந்தது'. எட்டு மணிக்கு இணையம் திரும்பிய கையோடு கைப்பேசிச் செயலி ஒன்றின் சேனலில் போட்டிருக்கிறான். தேர்வு நாட்களில் ஆறிலிருந்து எட்டு வரைக்கும் நாடு முழுக்க இணையத்தை அடைத்துவிடுவார்கள், அது எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். திறந்ததும் முதலில் வருவது இந்த மாதிரிச் சரக்குதான்.

"இது உங்க கடை முத்திரைதான?"

"ஆமா. இது ஷாகிர் வாத்தியாரோட தொகுப்பு. பதினாலாம் பக்கம். நேத்து காலையில நான்தான் படமாக்கிக் கொடுத்தேன்."

"நேத்தா?" அவர் படத்தை விரலால் பெரிதாக்கினார். "இதுல என்ன போட்டிருக்கு, வாசிங்க."

அவள் வாசித்தாள். குரல் பாதியில் இறங்கிவிட்டது. "இருபத்து நாலு, ஆறு. மணி... ஆறு நாப்பது."

"இன்னைக்கு இருபத்து நாலு. கேள்வித்தாள் பையை இன்னைக்குக் காலைல ஆறரைக்குப் பிரிச்சாங்க. பத்தே நிமிஷத்துல உங்க கடைல படம் ரெடி. மூணாவது கேள்வி, ரெண்டு மின்தேக்கி, நம்பர் உட்பட அப்படியே பேப்பர்ல வந்திருக்கு. உள்ள இருந்து யாரும்மா அனுப்புனது?"

அவளுக்கு எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவள் அழுகிற ரகம் இல்லை, சண்டை போடுகிற ரகம்.

"ஆறு நாப்பதுக்கு நாட்டுலயே நெட்டு இல்லையேய்யா! நெட்டு இல்லாம நான் எப்படி மாத்துவேன்? அந்த நேரம் நான் வீட்டுல எம்பொண்ணுக்கு முட்டை பொரிச்சு ஊட்டிக்கிட்டு இருந்தேன்."

"உட்கார்ந்து டைப் அடிக்க நெட்டு எதுக்கு? கடைச் சாவி உங்ககிட்டதான இருக்கு?" பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு இந்த வருஷம் எழுதுதாம்ல?"

அவருக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

"பத்தே காலுக்குள்ள நான் பேர் சொல்லணும். தேர்வுக் குழு போன்ல காத்திருக்கு. பேர் கொடுத்துட்டா, அந்த ஆளோட சொந்தக்காரப் பிள்ளை யாரும் அறைல இருக்கக்கூடாதுன்னு உத்தரவு. வெளிய கூட்டிட்டு வந்துருவாங்க."

வெளியே கூட்டிவந்த பிள்ளையைத் திரும்ப உள்ளே விட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. பின்னால் வழக்கில் ஜெயித்தாலும் அந்த வருடம் போனது போனதுதான். நவ்ரஸ் அந்த நேரம் ஒரு கிலோமீட்டர் தள்ளி, பெண்கள் பள்ளியில், முன்வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். இயற்பியல்.

அந்த இயற்பியல் நிதாலுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். உலக நாடுகள் வணிகத் தடை போட்டிருந்த காலத்தில் நாட்டில் காகிதம் இல்லை, மூன்று பிள்ளைக்கு ஒரு பாடப்புத்தகம். நிதாலின் முறை கடைசி. அவள் கைக்கு வந்தபோது முதல் பாடத்தில் எட்டுப் பக்கம் இல்லை, யாரோ கிழித்து கொறிக்கும் விதையை மடிக்கப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாடம் மின்தேக்கி. தேர்வில் அதிலிருந்து இரண்டு கேள்வி வந்தது. மூன்று மதிப்பெண்ணில் தோற்று, பதினெட்டு வயதில் படிப்பை விட்டாள். "அந்த எட்டுப் பக்கத்தை யாராச்சும் படம் புடிச்சு வச்சிருந்தா நான் டாக்டர் ஆகியிருப்பேன், அபூ மின்ஹால்" என்று சிரித்துக்கொண்டே என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்தச் சிரிப்பை நான் நம்பியதில்லை.

"ஷாகிர் வாத்தியாரைக் கேளுங்க" என்றாள் அவள். "நேத்தே கொடுத்தேன்னு அவர் சொல்வாரு."

"அவர் தேர்வு அறைல கண்காணிப்பாளர். போன் வெளிய வாங்கி வச்சாச்சு. பதினொண்ணுக்குத்தான் வருவாரு."

"அவர்கிட்ட நேத்து சாயங்காலம் அச்சடிச்சு வாங்கிட்டுப் போன பிள்ளைங்க?"

"அதுங்களும் உள்ளதான். பதினொண்ணு."

எல்லாச் சாட்சியும் தேர்வு அறைக்குள் உட்கார்ந்து, பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தது. நிதால் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது நாற்பத்தெட்டு. அப்போது அவளுக்கு ஏதோ உறைத்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

"தளத்துல இருக்கு! ஐயா, நான் மாத்துன ஒவ்வொண்ணும் அந்தத் தளத்துல என் கணக்குல இருக்கும். எந்தத் தேதி, எத்தனை மணின்னு அவங்களே போட்டிருப்பாங்க. அது என் கம்ப்யூட்டர் மணி இல்ல, அவங்க மணி. தொறந்து காட்டுறேன்."

"கை வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"இலவசம்யா அது! இருபத்து நாலு மணி நேரம்தான் வச்சிருப்பான். நேத்து பத்தேகாலுக்கு முன்னாடி மாத்துனேன். இன்னும் இருபத்தஞ்சு நிமிஷத்துல அவனே அழிச்சுருவான்!"

"அழிக்கத்தான நீங்களும் அவசரப்படுறீங்க?"

"நான் தொட்டா அழியாது, தொடலைன்னாதான் அழியும்!"

இதைக் கேட்டதும் காவலர் சிரித்துவிட்டார். லெப்டினன்ட் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டருக்கும் அவளுக்கும் நடுவே போட்டு உட்கார்ந்துகொண்டார். அந்த ஆளைக் குறை சொல்லவும் முடியாது. போன வருடம் பக்கத்து ஊரில் ஒருவன் "சும்மா ஒரு நிமிஷம்" என்று கெஞ்சி, அதிகாரி கண்ணெதிரே எல்லாவற்றையும் அழித்தான். அந்த அதிகாரி இப்போது எல்லைச் சாவடியில் மணலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தப் பக்கத்தை உங்க பொண்ணுக்குக் காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"கையில இருக்கு. நாளைக்குப் பரீட்சை. பெத்த பொண்ணுக்குக் காட்டல. இதை நான் நம்பணும்."

"அது வாத்தியார் காசு வாங்கிக்கிட்டு அவர்கிட்ட படிக்கிற பிள்ளைங்களுக்குக் கொடுக்குறது. எங்கிட்ட வந்தது அமானிதம், நம்பி ஒப்படைச்ச பொருள். கடைக்கு வர்ற எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோறதில்ல. தெருவுல யாரை வேணும்னாலும் கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். என் தலையாட்டலுக்கு என்ன மதிப்பு இருந்துவிடப் போகிறது!

இணையம் கடையின் கம்பி வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. கைப்பேசிகளுக்கு எங்கள் பக்கம் எப்போதும் ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தித்தான் சீராகும். லெப்டினன்டின் கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நிதால் நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி நின்றாள். ஒன்பது ஐம்பத்தைந்து. ஒன்பது ஐம்பத்தெட்டு. அவள் உதடு அசைவதைப் பார்த்தேன், ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

சரியாகப் பத்துக்கு அரசு மின்சாரம் போயிற்று.

காற்றுக் குளிரூட்டி ஒரு முனகலோடு நின்றது. கம்ப்யூட்டர் திரை கறுத்தது. நிதால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே தெருவிலிருந்து என் பெயர் கிளம்பியது. "அபூ மின்ஹால்! செத்துட்டியாடா? மாவு புளிக்குது!"

"ஐயா, விடுங்க. நான் போய் முடுக்கணும்" என்றேன்.

"யாரும் வெளிய..."

"வெளிய நாப்பத்தேழு டிகிரிங்கய்யா. இன்னும் அஞ்சு நிமிஷத்துல உள்ளயும் அதேதான்."

இரண்டு நிமிடம் தாக்குப்பிடித்தார். நெற்றி வியர்வை புருவத்தைத் தாண்டி இறங்கியதும் கையை ஆட்டினார். காவலர் என் கூடவே ஓடிவந்தார். என் இயந்திரம் முதல் திருகலில் இருமியது, இரண்டாவதில் புகையைக் கக்கியது. நான் அதை என்னென்ன சொல்லித் திட்டினேன் என்பதை எழுத முடியாது. மூன்றாவதில் பிடித்தது. திரும்ப ஓடிவந்தபோது மணி பத்து ஐந்து.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. மின்சாரம் வந்தால் யாரும் தொடாமலேயே எழுந்துகொள்ளும். எழுந்துகொண்டது. திரையின் கீழ் மூலையில் கடிகாரம் தெரிந்தது. லெப்டினன்ட் குனிந்து பார்த்தார்.

"இது என்ன? இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒண்ணு. ராத்திரி பன்னெண்டு மணி?"

"உள்ள இருக்குற பேட்டரி செத்து ரெண்டு வருஷம் ஆச்சுய்யா" என்றாள் நிதால். "கரண்டு போயிட்டு வந்தா அதுக்கு ஒவ்வொரு வாட்டியும் இரண்டாயிரத்து ஒன்பதுதான். அங்கேருந்து எண்ண ஆரம்பிக்கும். தேதி தப்பா இருந்தா தளம் எதுவும் தொறக்காது, அதனால தேதியை மட்டும் கையால போடுவேன். மணியை யாரு பாக்குறா?" இதைச் சொல்லும்போதே அவள் முகம் மாறியது. மானிட்டரின் ஓரத்தில் அவள் ஒட்டி வைத்திருந்த காகிதத்தைப் பார்த்தாள். எங்கள் ஊரில் பாதி வீட்டுக் கதவில் அந்த மாதம் அதே காகிதம்தான்: தேர்வு அட்டவணை. இயற்பியல், இருபத்து நான்கு. அதைச் சிவப்பில் வட்டம் போட்டிருந்தாள். "ஐயோ! நேத்து காலைல அதைத்தான் பாத்துக்கிட்டே அடிச்சிருக்கேன். இருபத்து மூணுக்குப் பதிலா இருபத்து நாலுன்னு போட்டிருக்கேன். ஒரு மாசமா என் மண்டைக்குள்ள வேற தேதியே இல்லையே!"

லெப்டினன்ட் அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். பத்து ஏழு.

"நான் தொட மாட்டேன்" என்றாள் அவள். அபாயா என்கிற கறுப்பு அங்கிக்குள் இரண்டு கையையும் இழுத்துக் கட்டிக்கொண்டாள். "நீங்களே தட்டுங்க. நான் சொல்லச் சொல்ல."

அவர் கைக்குட்டையால் விரலைத் துடைத்துவிட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். ஒற்றை விரல்! அந்த மனிதருக்கு எல்லா வேலையும் ஒற்றை விரலில்தான். தேதியைப் போட ஒரு நிமிடம். தளத்தைத் திறக்க ஒரு நிமிடம். அதற்குள் பேக்கரிக்காரனும் இன்னும் நாலு பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

பட்டியல் விரிந்தது. ஒரே ஒரு வரி மீதம் இருந்தது. அதன் வலக்கோடியில் சிவப்பாக ஒரு குப்பைத்தொட்டிப் படம். லெப்டினன்டின் மவுஸ் அம்பு நேராக அதன் மேல் போய் நின்றது.

"அதை அமுக்காதீங்க!" நிதால் கத்தியதில் பூனை மேசையிலிருந்து குதித்தது. "அதுதான் அழிக்கிறது! இடப்பக்கம், இடப்பக்கம்!"

அம்பு ஊர்ந்து ஊர்ந்து இடப்பக்கம் போனது. வரி திறந்தது. வரிசையாகச் சின்னச் சின்னப் பக்கங்கள். பதினான்காவதைத் தட்டினார். இரண்டு மின்தேக்கிகள், அதே எண்கள், அடியில் மட்டும் முத்திரை இல்லை. மேலே, மாற்றி முடித்த நேரம்.

"ஏழு பன்னெண்டு!" என்றார் அவர். "காலைல ஏழு பன்னெண்டு!"

"தேதியைப் பாருங்கய்யா. இருபத்து மூணு. அது வெளிநாட்டான் மணி, நமக்கு மூணு கூட்டணும். பத்து பன்னெண்டு. நேத்து பத்து பன்னெண்டு. படம் எடுத்துக்கோங்க, சீக்கிரம்! பக்கம் போயிரும்யா, படம்தான் நிக்கும்."

அவர் தன் கைப்பேசியை உயர்த்தி எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கூட நின்ற காவலரையும் எடுக்கச் சொன்னார். நான்காவதற்குள் திரை ஒரு தரம் சிமிட்டியது. பட்டியல் காலி. சுவர்க் கடிகாரத்தில் பத்து பன்னிரண்டு.

நான் மூச்சு விட்டேன். ஆனால் லெப்டினன்ட் விடவில்லை. கசிந்ததாகச் சொன்ன படத்தையும் தான் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"பை நேத்து சாயங்காலம்தான் ஊருக்கு வந்துச்சு. அதனால நேத்து காலைல மாத்துனதுன்னா எனக்குக் கவலை இல்ல. தேதி தப்பா அடிச்சீங்க, சரி. ஆனா மணி? தளம் பத்து பன்னெண்டுங்குது. முத்திரை ஆறு நாப்பதுங்குது. கரண்டு வந்த நேரத்துலேருந்து எண்ணும்னா, நேத்து விடிகாலை மூணரைக்குக் கரண்டு போய் வந்திருக்கணும். போச்சா?"

நிதால் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அபூ மின்ஹால், நேத்து விடிகாலை..."

அன்றைக்கு விடிய விடிய அரசு மின்சாரம் இல்லை. முந்தின நாள் மாலையிலிருந்து நேற்று நண்பகல் வரைக்கும் என் இயந்திரம்தான் தெருவைத் தாங்கியது. ஒரு நிமிடம்கூட நிறுத்தவில்லை என்று தேநீர்க் கடையில் உட்கார்ந்து நெஞ்சைத் தட்டிச் சொன்னவன் நான். அதே பேக்கரிக்காரன்தான் எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். இப்போது வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சொல்லுய்யா" என்றார் லெப்டினன்ட். "போச்சா, போகலையா?"

பத்து பதின்மூன்று. வெட்கமாக இருந்தது. ஒரு நொடி, "ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை, தோன்றத்தான் செய்தது.

"போச்சுங்கய்யா. மூணு மணிக்கு நான்தான் நிறுத்துனேன். டீசல் மிச்சம் புடிக்க. எல்லாரும் தூங்குற நேரம், யாருக்குத் தெரியும்னு நினைச்சேன். அரை மணி நேரம் கழிச்சு ஓட்டுனேன். மூணு முப்பத்திரண்டு. நோட்டுல குறிச்சிருக்கேன், கொண்டுவரட்டுமா?"

"த்தூ" என்றான் பேக்கரிக்காரன். "எம்மாவு கெட்டது உன்னாலயா?"

லெப்டினன்ட் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். மூன்று முப்பத்திரண்டும் ஆறு நாற்பதும். இரண்டு முறை போட்டார். பிறகு கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தார். அவர் பேசியதில் எங்களுக்குக் கேட்டது ஒன்றுதான். "பேர் எதுவும் இல்ல. பழைய தொகுப்பு. ஆமா, யாரையும் வெளிய எடுக்காதீங்க."

நிதால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிய கையை அவிழ்க்க மறந்துவிட்டாள்.

அறிக்கை எழுத லெப்டினன்ட் அங்கேயே தங்கினார். தேநீர் வரவழைத்தோம். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு புருவத்தைத் தூக்கியபடிதான் அவளிடம் பேசினார். "கேஸ் இல்ல, அது சரி. ஆனா பொண்ணுக்கு மூணாவது கேள்வி லட்டு மாதிரி இருந்திருக்கும், என்ன?" என்று கண்ணடித்தார். எனக்கு அந்தத் தேநீரை அவர் தலையில் கொட்டலாம் போல இருந்தது.

பதினொன்று பத்துக்கு நவ்ரஸ் வந்தாள். வெள்ளைச் சட்டையில் மைக்கறை, முகமெல்லாம் வெயில். போலீஸ் வண்டியையும் கூட்டத்தையும் பார்த்து வாசலிலேயே நின்றாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்ல கண்ணு. எப்படி எழுதுன? அதைச் சொல்லு."

நவ்ரஸ் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள். "எல்லாம் எழுதிட்டேம்மா, மூணாவதைத் தவிர. ரெண்டு மின்தேக்கி. அந்த மாதிரி கணக்கை நான் எங்கயும் பாத்ததே இல்ல. நாப்பது நிமிஷம் அதுலயே போச்சு. வெளிய வந்தா ஷாகிர் வாத்தியார் பிள்ளைங்க எல்லாம் அது நேத்தே அவங்ககிட்ட இருந்துச்சுன்னு சிரிக்கிறாங்க."

லெப்டினன்ட் தேநீர்க் குவளையைத் தட்டில் வைத்தார், பாதி மீதம் இருந்தது. தொப்பியை எடுத்துக்கொண்டு, நிதாலின் பக்கம் ஒரு தரம் தலையைத் தாழ்த்திவிட்டு, வெளியே போய்விட்டார்.

நிதால் மகளின் முகத்தைத் தன் அபாயாவின் நுனியால் துடைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அதில் சேமித்திருந்த பதினான்காம் பக்கத்தைத் திரையில் திறந்தாள். அச்சு இயந்திரம் ஓடி முடியும் வரைக்கும் மகளின் கையை விடவில்லை.

"இந்தா" என்று தாளை நீட்டினாள். "இப்ப வாத்தியாருக்கு இது வேண்டாம். நீ பாக்கலாம்."